ஓரமாகப் போ என்று சொல்லி வளர்த்தேன்

இராஜபாளையம்
24.7.1989, திங்கள் மாலை

அன்பு மகன் பொன்னுராஜுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், அம்மா, தங்கச்சி பரிபூரணம் மூவரும் எழுந்து நடமாடும்படி இருக்கிறோம், அதில் ஒருத்தி இடது காலைச் சற்றுச் சாய்த்து வைக்கிறாள், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. பதில் எழுதப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே, இன்று காலை கழியாமல் எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன். இன்லண்டில் அடங்காது என்பதால் கவர் வாங்கி வந்திருக்கிறேன். பரிபூரணத்தின் சைக்கிளை விற்றுவிடுங்கள், கம்பெனி வேலைக்கு இனிமேல் அனுப்ப வேண்டாம், மீறி அனுப்பினால் நான் கடிதமே போடமாட்டேன் என்று நீ எழுதியிருந்ததை அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டும்போது பரிபூரணமும் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அண்ணன் புனேயில சைக்கிள்லதான வேலைக்குப் போறாவ, மொதல்ல அவிய சைக்கிள விக்கச் சொல்லுங்கப்பா, பொறவு என் சைக்கிளப் பத்திப் பேசலாம் என்றாள். அம்மா சிரித்துவிட்டாள், ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். ஆனாலும் நீ கேட்டது நியாயமான கேள்வி, அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். முந்தின கடிதத்தில் கால் எலும்பு முறிந்தது, கட்டுப் போட்டிருக்கிறது என்று மட்டும் எழுதினேன், எழுதாமல் விட்டதும் ஒன்று உண்டு.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஒரு தீர்ப்புச் செய்தி எடுக்க வேண்டியிருந்ததால் நான் காலை ஏழு மணி பஸ்ஸிலேயே போய்விட்டேன், பரிபூரணம் ஏழரைக்குக் கிளம்பியிருக்கிறாள். மில் முக்கு உனக்குத் தெரியும், நேரே போனால் அவள் வேலைபார்க்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனி, இடப்பக்கம் திரும்பினால் நூல் மில். முக்கில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தியிருந்தார். முன்னால் பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி ஒன்று நின்றிருக்கிறது. இவள் அதன் இடப்பக்கமாக, சாக்கடையை ஒட்டி, ஒரு சைக்கிள் போகும் அகலம் இருந்த சந்தில் புகுந்து லாரியின் நடுப்பாகத்துக்குப் பக்கத்தில் காலை ஊன்றி நின்றாள். கை இறங்கியதும் லாரியும் கிளம்பியது, இவளும் கிளம்பினாள், இவள் நேரே போகவேண்டும், லாரி இடப்பக்கம் மில்லுக்குத் திரும்பவேண்டும். லாரியின் முன்பக்கம் இவளைத் தாண்டிப் போய்விட்டது, ஆபத்து போய்விட்டது என்று நினைத்தாளாம். ஆனால் முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வருவதில்லை, உள்வாங்கி மூலையை ஒட்டி வருகிறது. சைக்கிளின் முன்சக்கரம் அதற்கடியில் போய்விட்டது, இவளை லாரியின் பக்கப்பலகை சாக்கடைக்குள் தள்ளியது. சாக்கடைதான் உயிரைக் காப்பாற்றியது, கணுக்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் முறிவு.

இனி நான் எழுதாமல் விட்டது. தீர்ப்பைக் குறித்துக்கொண்டு மதியம் பஸ் ஏறி வந்தவன், வீட்டுக்குப் போகாமல் எப்போதும்போலப் போலீஸ் ஸ்டேஷனில் இறங்கினேன். மதுரைப் பத்திரிகைக்குச் செய்திக் கவரை மூன்றரை மணி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும், அதற்குள் அன்றைய விபத்து, திருட்டு எல்லாம் கேட்டு எழுதிக்கொள்வது இருபத்தெட்டு வருஷப் பழக்கம். ரைட்டர் புதிதாக மாற்றலாகி வந்தவர், என் பெயர்கூட அவருக்குத் தெரியாது, நிருபர் என்று மட்டும் தெரியும். மில் முக்கில் காலையில் ஒரு லாரி, சைக்கிள் விபத்து, இளம்பெண் படுகாயம் என்றார். மில் முக்கில் கவனக்குறைவாகச் சைக்கிளில் சாலையைக் கடந்த இளம்பெண் லாரி மோதிப் படுகாயம் அடைந்தார் என்று எழுதி முடித்துவிட்டுத்தான் பெயரைக் கேட்டேன். அவர் புத்தகத்தைப் பார்த்து, பரிபூரணம், வயது இருபத்திரண்டு, தகப்பனார் பெயர் சங்கரலிங்கம் என்று வாசித்தார். கவனக்குறைவு என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை, நானாகத்தான் எழுதியிருந்தேன். என் கை தானாக எழுதியது. அந்தத் தாள் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, அன்றைக்கு மதுரைக்குக் கவர் போகவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. கேட்டுவிட்டு அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு எப்.ஐ.ஆரிலும் அதே வார்த்தைதான் ஏறியிருந்தது. மாற்ற முடியுமா என்று போய்க் கேட்டேன். அண்ணாச்சி, ஓரமாப் போனாலும் கவனக்குறைவு, நடுவுல போனாலும் கவனக்குறைவு, சைக்கிள்காரனுக்கு எழுத எங்ககிட்ட வேற வார்த்தையே கெடையாது என்றார் ரைட்டர். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பரணிலிருந்து என் பழைய செய்தித் துண்டுகளை இறக்கிப் பிரித்தேன். பதினொரு வருஷத்தில் மில் முக்கிலிருந்து மட்டும் பதினான்கு சைக்கிள் விபத்துக்கு நான் செய்தி அனுப்பியிருக்கிறேன். பதினான்கிலும் கவனக்குறைவு இருக்கிறது. அடிபட்டவர் எந்தப் பக்கம் நின்றார், லாரி எந்தப் பக்கம் திரும்பியது என்று ஒன்றில்கூட இல்லை. நான் கேட்டதே இல்லை. உயிரோடு இருக்கிறவர்களில் ஆறு பேர் வீட்டைத் தேடிப் போய் இப்போது கேட்டேன், சேத்தூர் வரைக்கும் போனேன். ஆறு பேரில் ஐந்து பேர் லாரிக்கோ பஸ்ஸுக்கோ இடப்பக்கம், ஓரத்தில். சேத்தூரில் வீரணன் என்று ஒருவர், கை விளங்காமல் போனவர், ஓரமாத்தான சார் போனேன், ஓரமாப் போறவனுக்கு என்ன கேடு வரப்போகுதுன்னு நெனச்சேன், நீங்க பேப்பர்ல என்னமோ நான் குடிச்சுட்டுப் போன மாதிரி எழுதிட்டிய என்று சொல்லிவிட்டு எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். அந்த மோரை எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஓரமாகப் போ. உனக்கும் அவளுக்கும் நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது சொன்னது அந்த ஒன்றுதான், தினமும் வாசலில் நின்று சொன்னதும் அதுதான். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடித்ததும் அவள் முதலில் சொன்னது, அப்பா நான் ஓரமாத்தாம்பா போனேன், நீங்க சொன்ன மாதிரித்தான் போனேன் என்பது. என்னைக் குற்றம் சொல்லவில்லை, நான் திட்டுவேன் என்று பயந்து சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் ஓட்டத்துக்கு எத்தனை வருஷம் செய்தி எழுதியிருக்கிறேன், தேர் மூலை திரும்பும்போது உள்பக்கம் ஒருவரையும் நிற்கவிடாமல் கயிறு கட்டி விலக்குவதைக் கண்ணால் பார்த்து எழுதியவன், அதே மூலையை இங்கே என் பிள்ளைகளுக்குக் காட்டி அங்கேயே போ என்று சொல்லியிருக்கிறேன். நேரான சாலையில் ஓரம் சரி. முக்கில் ஓரம் சரியில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்தாறு வயதாயிற்று.

லாரி டிரைவர் பெயர் இருளப்பசாமி, சோழபுரத்துக்காரர். விபத்து நடந்த மூன்றாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து வாசலிலேயே நின்றார், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணாச்சி, எம் புள்ளைய மேல சத்தியமா நான் பாக்கல, பாத்திருந்தா மிதிச்சிருக்க மாட்டனா என்றார். எல்லா டிரைவரும் சொல்வது இது, நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், நம்பியதில்லை. ஜூன் மாதம் அவரைத் திரும்பப் பார்த்தபோது, பாக்கலன்னு சொல்றீயளே, ஏன் தெரியலன்னு எனக்குக் காட்ட முடியுமா என்று கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் வாசலுக்கு வெளியே அதே மாதிரி பொதி ஏற்றி இறக்கக் காத்திருந்த தன் லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு கூப்பிட்டு அனுப்பினார். பக்கத்தில் சைக்கிளோடு நிற்க யாரையாவது கூட்டிப் போகலாம் என்றேன். வேற யாரையும் அங்கன நிப்பாட்டாதீய, நான் வாரேன் என்று அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். பரிபூரணத்தின் சைக்கிளை மிதித்த அதே வண்டி, ஏறும்போது கைப்பிடியைத் தொடவே எனக்குக் கூசியது. அம்மா என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பரிபூரணம் நின்ற இடத்தில் நின்றாள். இடப்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன், தார்ப்பாயும் கயிறும் தெரிந்தன. எட்டிப் பார்த்தேன், எதிர்க்கடைச் சுவர் தெரிந்தது. நான் இங்கனதான் நிக்கேன், தெரியுதா என்று அவள் குரல் கேட்டது, குரல் மட்டும்தான், அவள் இல்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் நாலு அடி தூரத்தில் நிற்கிறாள், என் கண்ணுக்கு அங்கே யாருமே இல்லை. தெரியல செல்லக்கனி, கொஞ்சம் முன்னால வா என்றேன். அவள் உருட்டிக்கொண்டு லாரியின் மூக்கைத் தாண்டி இரண்டு கெஜம் முன்னே வந்த பிறகுதான் முதலில் தலையில் இருந்த பூ தெரிந்தது, பிறகு அவள் தெரிந்தாள். அப்புறம் லாரிக்குப் பின்னாலே போய், சற்று விலகி, கண்ணாடியில் என் முகம் தெரிகிற இடத்தில் நிற்கச் சொன்னேன், அப்போது எனக்கும் அவள் தெரிந்தாள். இடையில் இருக்கிற அத்தனை நீளமும் குருடு.

அந்தக் குருட்டுக்குத்தான் கிளீனர் என்று ஒருவன் இடப்பக்கக் கதவில் இருக்கிறான், சைக்கிள் நின்றால் கதவை இரண்டு தட்டு தட்டுவான், டிரைவர் நிறுத்துவார். அன்றைக்குக் கிளீனர் எடைமேடையில் சீட்டு வாங்க இறங்கிவிட்டான், மில் இரண்டு பர்லாங்குதானே, நடந்து வந்துவிடுவான் என்று இருளப்பசாமி தனியாக வண்டியை எடுத்திருக்கிறார். நம் ஊரில் எல்லா லாரியும் அப்படித்தான் செய்கிறதாம். எந் தப்பு அதுதான் அண்ணாச்சி, அத நான் போலீஸ்ல சொல்லல என்றார். இறங்கி வந்ததும் அம்மா அவரிடம் முதன்முதலாகப் பேசினாள், ஓட்டுறவுகளுக்கே தெரியாத எடத்துலயா இத்தனை புள்ளையளும் தெனமும் நிக்கிதுக என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார், நானும்தான்.

அதற்குப் பிறகு நாலு நாள் காலை ஏழே காலிலிருந்து எட்டே கால் வரை முக்கு டீக்கடையில் நின்று எண்ணினேன். ஒரு நாளைக்கு நானூறு சைக்கிளுக்குக் குறையவில்லை. மில் சங்கு ஊதியதும் அத்தனை பேரும் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவே இருக்கிற சந்தில்தான் புகுகிறார்கள், முன்னால் போய்விடலாம் என்று. பாதிப் பேர் வலது கைப்பிடியில் தூக்குவாளியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், கையை எடுத்துக் காட்டினால் ஹேண்டில் ஒருபக்கம் இழுக்கிறது, அதனால் யாரும் கை காட்டுவதில்லை. போக்குவரத்துப் போலீஸ்காரர் சோலைச்சாமியிடம் லாரியை நிறுத்திவிட்டுச் சைக்கிளை முதலில் விடக் கூடாதா என்று கேட்டேன். அண்ணாச்சி, நான் ரோட்டுக்குத்தான் கை காட்டுவேன், சைக்கிளுக்கு ஒரு கை, லாரிக்கு ஒரு கைன்னு காட்ட எனக்கு எம்புட்டுக் கை இருக்கு என்றார். ஆனாலும் நல்ல மனுஷன், மறுநாளிலிருந்து பொதி லாரி முன்னால் நின்றால் இரண்டு எண்ணிக்கை தாமதித்துக் கையை இறக்குகிறார். நான் பார்த்ததையெல்லாம் இரண்டு பக்கம் எழுதி மதுரைக்கு அனுப்பினேன். ஏழு வரி வந்தது. கடைசி வரி, பொதுமக்கள் கவனமாகச் செல்ல வேண்டும் என்று சமூக ஆர்வலர்கள் கேட்டுக்கொண்டனர் என்பது. நான் எழுதாத வரி. அம்மா அதையும் கத்தரித்து வைத்திருக்கிறாள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் நீ, அப்படியானால் ஏன் அனுப்பினீர்கள் என்றுதான் கேட்பாய். பஸ்ஸில் போகட்டும் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். ஏழரை பஸ்ஸில் படியில்தான் இடம், இந்தக் காலோடு படியில் தொங்க முடியாது. வேலை வேண்டாம் என்றேன். அவள் என்னைப் பார்த்து, ரோட்டுல தப்பு நடந்தா ரோட்டச் சரிபண்ணாம என்னிய வீட்டுல வைக்கியளே என்றாள். இன்று காலைதான் அவள் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள். ஒரு வாரமாக விடியற்காலையில் ரோடு காலியாக இருக்கும்போது அவளே போய் முக்கைக் கடந்து கடந்து பார்த்தாள், இடக்கால் ஊன்ற பயமாக இருப்பதால் வலக்காலை ஊன்றி நிற்கப் பழகினாள், தூக்குவாளியை ஹேண்டிலிலிருந்து எடுத்துப் பின் கேரியரில் கட்டிக்கொண்டாள். நான் கூட வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அதனால் கூடப் போகவில்லை, இருபது கெஜம் பின்னால் போனேன்.

ஏழே முக்கால் இருக்கும். முக்குக்கு ஐம்பதடி இருக்கும்போதே அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், பின்னால் பொதி லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. வலக்கையை நீட்டினாள், ஓரத்தை விட்டு நகர்ந்து தன் பாதையின் நடுவுக்கு வந்தாள். சோலைச்சாமி கையைத் தூக்கினார். அவள் லாரிக்கு நேர் முன்னால், அதன் மூக்கிலிருந்து மூன்று கெஜம் தள்ளி, வலக்காலை ஊன்றி நின்றாள். லாரி ஹாரன் அடித்தது, அவள் அசையவில்லை. மறுபடி அடித்தது. ஓரத்துச் சந்தில் நின்ற மில் ஆட்கள் இவளைப் பார்த்துச் சிரித்தார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டி, ஏட்டி, நடு ரோட்டுல நிக்க, ரோடு என்ன ஒங்கப்பன் வீட்டு முற்றமா, ஓரமாப் போடி என்று கத்தினான். அந்த அப்பன் இருபது கெஜம் பின்னால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்குள்ளே இருக்கிற பழைய ஆளும் அவனோடு சேர்ந்து ஓரமாப் போ, ஓரமாப் போ என்று கத்திக்கொண்டிருந்தான். அப்புறம்தான் உறைத்தது. அவன் திட்டுகிறான் என்றால் அவன் பார்த்துவிட்டான். ஏப்ரல் பதினெட்டாம் தேதி அவளை யாரும் திட்டவில்லை. கை இறங்கியது. அவள் முதல் ஆளாக நேரே போனாள், லாரி அவள் போகும் வரை பின்னாலேயே உறுமிக்கொண்டு வந்து, அவள் மூலையைத் தாண்டிய பிறகு இடப்பக்கம் திரும்பியது. பின்சக்கரம் உள்வாங்கி மூலையை ஒட்டிப் போனதைப் பார்த்தேன், அந்த இடத்தில் ஒருவரும் இல்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தவள், பின்னாலேயே வந்தீயளா என்று கேட்டுவிட்டு முகம் கழுவப் போனாள். சந்தில் சிரித்தவர்களில் இரண்டு பெண்கள் நாளைக்கு அவளுக்குப் பின்னால் நிற்கப்போவதாகச் சொன்னார்களாம். பார்ப்போம். எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை, அலுப்பாக இருக்கிறது, ஆனாலும் நாளைக்கும் இருபது கெஜம் பின்னால் போவேன்.

நீயும் அங்கே இப்படியே போ. திரும்புகிற வண்டிக்கு இடப்பக்கம் ஒருநாளும் நிற்காதே, ஒன்று கண்ணாடியில் அவன் முகம் உனக்குத் தெரிகிற மாதிரி பின்னால் நில், இல்லாவிட்டால் அவன் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் நில். வலப்பக்கம் திரும்பவேண்டுமானால் நடுவில் குறுக்கே அறுத்துக்கொண்டு போகாதே, நேரே கடந்து எதிர்மூலையில் இறங்கி நின்று, அந்தப் பக்கத்து வண்டிகள் கிளம்பும்போது அவற்றோடு போ, இரண்டு நிமிஷம் பிந்தினால் உன் ஃபோர்மேன் ஒன்றும் செய்துவிட மாட்டார். அம்மா உனக்கு மல்லிப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிற ஆள் கையில் கொடுத்துவிடுகிறோம். மழைக்காலத்தில் பிரேக் கட்டையை மாற்றிக்கொள்.

தீர்க்காயுசாக இரு என்று வாழ்த்துவது வழக்கம். அதற்கு மேலே இப்போது நானும் அம்மாவும் சேர்ந்து வேண்டிக்கொள்வது, நீ போகிற வழியில் இருக்கிற டிரைவர்களெல்லாம் தினமும் உன்னை வாய் நிறையத் திட்டட்டும், நீ அத்தனையும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் அறைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதுதான். ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. உன் கடிதத்தின் கடைசியில், போன வாரம் ஒரு பஸ் முழங்கையை உரசிவிட்டது, என் கவனக்குறைவுதான் என்று ஒரு வரி எழுதியிருந்தாய். பஸ் எந்தப் பக்கம் திரும்பியது, நீ எந்தப் பக்கம் நின்றாய்?

இப்படிக்கு, பதிலை எதிர்பார்த்திருக்கும் உன் அப்பா,
வே. சங்கரலிங்கம்